கணக்குக் கேட்கும் சிநேகம்

விடுதியில் ஒரே அறையில் வாழும் நான்கு வாலிபர் ஒருவருக்கொருவர் மறைப்பவை மிகச் சிலவே. மேலூரிலிருந்து ஒருவன், உசிலம்பட்டியிலிருந்து ஒருவன், திருமங்கலத்துக் கரிசற் பூமியிலிருந்து ஒருவன், இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து ஒருவன் என வந்து கூடுகின்றனர். கூடிய ஒரு வாரத்துக்குள் ஒருவன் பெட்டியிலுள்ள முறுக்கு நால்வருக்கும் உரியதாகிறது. ஒருவன் தந்தை பட்ட கடன் நால்வருக்கும் தெரிந்துவிடுகிறது. தேர்வில் தவறியதையும் மறையாமற் சொல்லிவிடுவார்கள். ஆயின் ஒரு விஷயத்தில் மட்டும் நால்வரும் நான்கு தீவுகளாக இருக்கின்றனர். உடலின் இச்சையைக் குறித்து அவர்கள் பேசாமலில்லை. பரிகாசமாக இரவெல்லாம் பேசுகின்றனர். மெய்யாகப் பேசுவதுதான் இல்லை. சிரிப்புக்கு அங்கே இடமுண்டு; “எனக்கு இதில் உதவி வேண்டும்” என்று ஒருவன் சொல்ல இடமில்லை.

1881-ஆம் ஆண்டில் பசுமலையில் தொடங்கிப் பின்பு வைகையின் வடகரையில் நிலைபெற்ற அமெரிக்கன் கல்லூரி முதலாக, இவ்வூரிலுள்ள மிஷன் கலாசாலைகள் விடுதி வாழ்க்கையையும் கல்வியின் ஒரு கூறாகவே எண்ணி வந்திருக்கின்றன. இத்தகைய கலாசாலைகளின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டுவோர் வாலிபரின் ஒழுக்கத்தைக் குறித்த கட்டுரைகளைக் காணாதிரார். வைகறைத் துயிலெழல், குளிர்ந்த நீராடல், தேகாப்பியாசம், நன்னூல் வாசித்தல், ஜெபம் ஆகிய இவையே அவற்றில் பெரும்பாலும் கூறப்படும் மருந்துகள். இவற்றில் ஒன்றையும் நாம் இகழமாட்டோம். ஆனால் இவை யாவும் ஒருவன் தனித்து நின்று செய்ய வேண்டியவை என்பதைக் கவனிக்க. பகைவன் வருவதும் தனிமையில். அவனை எதிர்க்கச் சொல்வதும் தனிமையில். 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எலிஸ் ஹாப்கின்ஸ் அம்மையாரும் லைட்பூட் அத்தியட்சரும் தொடங்கிய வெள்ளைச் சிலுவைச் சேனை எண்ணிறந்த வாலிபரிடம் பரிசுத்த வாழ்வுக்கான பிரதிக்கினைச் சீட்டுகளில் கையொப்பம் வாங்கிற்று. கையொப்பம் இடுவது எளிது. இட்டவனை அடுத்த மாதம் யார் சென்று விசாரிப்பது என்பதே கேள்வி.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அந்த விசாரிப்பே. ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் சொல்லைத் தமிழில் “கணக்கொப்புவித்தல்” எனலாம். உக்கிராணக்காரன் எசமானுக்குக் கணக்கொப்புவிக்கும் உவமை நம்மவர் அறிந்ததே. ஈண்டுக் கணக்குக் கேட்பவன் எசமானன் அல்லன், சிநேகிதன். இந்த வேறுபாட்டிலேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சோதனை வேறு, பாவம் வேறு. இச்சை எழுவது இளமையின் இயல்பு. அதனைச் சிருஷ்டித்தவர் வெட்கப்படவில்லை. அதற்கு உணவிட்டு வளர்ப்பதும், பிறரை அதற்கு இரையாகக் கருதுவதுமே தீங்கு. இவ்வேறுபாட்டை அறியாத வாலிபன், நினைவொன்று மின்னியவுடனே தான் கெட்டொழிந்ததாக எண்ணுகிறான். எண்ணியபின் வெட்கம், வெட்கத்தால் தனிமை, தனிமையால் சோர்வு, சோர்வுக்கு ஆறுதலாக முன்னைய வீழ்ச்சியே மீண்டும். செக்கு மாடு போல் அவன் இவ்வட்டத்தைச் சுற்றுகிறான். கைபேசி வந்தபின் இவ்வட்டம் மிகச் சிறுத்துவிட்டது. முன்னாளில் தீய நூலொன்றைப் பெற வேண்டுமாயின் கடைத்தெருவிற்குச் சென்று, கடைக்காரன் முகத்தைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த முகமாவது ஒரு வேலியாயிருந்தது. இன்று போர்வைக்குள்ளேயே எல்லாம் கிடைக்கின்றன. எவர் முகத்தையும் பார்க்க வேண்டுவதில்லை. ஆதலின் இழந்துபோன அந்த முகத்தை மனமொப்பி நாமே தேடிக்கொள்ள வேண்டியதாகிறது.

வேதத்தில் இதற்கு இரண்டு சரித்திரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை ஒருங்கே வைத்துப் படிப்போர் சிலரே. இரண்டாம் சாமுவேல் பதினோராம் அதிகாரத்தில் தாவீது விழுகிறான். சேனை யுத்தத்திற்குப் போயிருக்க, அரசன் மட்டும் எருசலேமில் தங்கி மாலையில் உப்பரிகையில் உலாவினான் என்று அச்சரித்திரம் தொடங்குகிறது. உடன் உலாவியவர் ஒருவருமில்லை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி அவன் கண்ணைத் திறந்தது பின்பு. அதற்குள் உரியா மாண்டுபோனான். அடுத்து வரும் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவன் மகன் அம்னோனுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். யோனதாப் என்பவன், உறவினன், மகா தந்திரசாலி. அரசகுமாரன் நாளுக்கு நாள் மெலிவது ஏன் என்று அவன் வினவினான். நல்ல சிநேகிதன் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அம்னோனும் ஒளிக்காமல் உண்மையைச் சொன்னான். விளைந்தது யாது? நோயாளிபோற் படுத்துக்கொள்ளும் உபாயத்தை யோனதாப் கற்பித்தான். தாமாரின் வாழ்வு பாழாயிற்று. ஆகவே மனந்திறந்து பேசுவது ஒன்றே போதும் என்பார் இவ்வதிகாரத்தை மறந்தவர். தகாத செவியில் விழுந்த உண்மை தீங்குக்குக் கருவியாகிறது. நண்பனைத் தெரிந்தெடுத்தபின் பேச வேண்டுமேயன்றிப் பேசியபின் தெரிந்தெடுப்பதன்று.

திருவள்ளுவனாரும் நட்புக்கு அடுத்தபடியாக நட்பாராய்தலுக்கென்று தனி அதிகாரம் வகுத்தார். நட்பென்பது சேர்ந்து சிரிப்பதற்கன்று, நண்பன் எல்லை கடக்கும்போது முந்திக்கொண்டு இடித்துரைப்பதற்கே என்பது அவர் கருத்து. முந்திக்கொண்டு என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டுகிறோம். நாத்தான் பிந்தி வந்தான்.

தமிழருக்கு இவ்விஷயம் புதிதன்று என்பதற்கு அச்சுப் புத்தகங்களின் வரலாறே சான்று. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களைத் தந்தவர் முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக்கு அடிகளார். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம், 1579-இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் ஆகியவற்றுக்குப் பின் 1580-இல் அவர் அச்சிட்டது “கொம்பெசியொனாயரு”. பாவசங்கீர்த்தனம் செய்வோர் தம் மனச்சாட்சியை ஆராய்ந்து பேசுவதற்கு வழிகாட்டும் நூல் அது. பரதவர் கிராமங்களுக்கு அவர் கொடுத்த முதல் சில அச்சு நூல்களுள் ஒன்று, தன் குற்றத்தை எங்ஙனம் வாய்விட்டுச் சொல்வது என்பதைப் பற்றியது என்பதை எண்ணி வியக்கிறோம். சொல்வதற்கும் பயிற்சி வேண்டும், சொற்கள் வேண்டும். நமது வாலிபருக்குப் பரிகாசச் சொற்கள் நிரம்ப உண்டு, மெய்ச்சொற்கள் இல்லை என்று மேலே கூறியதும் இதுவே.

கத்தோலிக்க சபையில் இக்கேள்வி குருவானவரிடம் விடப்பட்டது. புரொட்டஸ்டாண்டு சபைகளில் குருவின் செவி மூடப்பட்டபின், வேறு செவி ஏற்படுத்தப்படாமலே பல தலைமுறைகள் கழிந்தன. அக்குறையை நிறைவு செய்ய முயன்றவர்களுள் முதன்மையானவர் யோவான் வெஸ்லி. 1738-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாளிட்டு அவர் எழுதிய விதிகளின்படி, சிலர் சேர்ந்த சிறு கூட்டங்கள் வாரந்தோறும் கூடின. ஆடவர் தனியே, பெண்டிர் தனியே. மணமானோர் தனியே, ஆகாதோர் தனியே. யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடும்படி கூறியிருக்கும் கட்டளையே இதற்கு அடிப்படை. சென்ற கூட்டத்திற்குப்பின் செய்த பிழை யாது, நேர்ந்த சோதனை யாது, அதினின்று தப்பியது எங்ஙனம் என்ற வினாக்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டன. அவற்றைவிட நாம் மெச்சுவது வேறொரு விதியை. கூட்டத்தில் ஒருவர் முதலில் தம் நிலையைத் தாமே சொல்ல வேண்டும். அதற்குப் பின்னரே பிறரைக் கேட்க வேண்டும். இவ்வொரு விதி இல்லாவிடின் அந்தக் கூட்டம் போலீசு நிலையமாகிவிடும்.

அவருடைய மற்றொரு ஏற்பாடாகிய வகுப்புக் கூட்டம் பிறந்த விதம் வேடிக்கையானது. 1742-இல் பிரிஸ்டல் நகரத்து ஜெபவீட்டின்மீது கடன் இருந்தது. வாரம் ஒரு பென்னி ஒவ்வொருவரும் கொடுத்தால் கடன் தீரும் என்றார் கப்பல் தலைவர் ஒருவர். ஏழைகள் கொடுக்கமாட்டாரே என்றபோது, மிக ஏழைகளான பதினொருவரைத் தம் பொறுப்பில் விடும்படியும், அவர் கொடாவிடில் தாமே கொடுப்பதாகவும் சொன்னார். அங்ஙனமே பன்னிருவராகப் பிரித்து ஒவ்வொருவர் வீடுவீடாகச் சென்று காசு வாங்கலாயினர். காசுக்குப் போனவர்கள் குடித்துக்கிடப்பவனையும், மனைவியை அடிப்பவனையும், ஒழுக்கம் தவறி வாழ்பவனையும் கண்டு வந்து சொன்னார்கள். வாரந்தோறும் சென்று பார்ப்பதே மருந்தாயிற்று. காசுக்கணக்குக் கேட்கப் போய் ஆத்துமக் கணக்குக் கேட்க நேர்ந்த கதை இது. வெஸ்லியைப் பின்பற்றினோர் 1814-இல் யாழ்ப்பாணத்திற்கும் பின்பு சென்னைக்கும் வந்தனர். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர்களும், நம் மதுரைநாட்டு அமெரிக்க மிஷன் வழிவந்தோரும் ஒரே சபையாயினர். ஆயினும் அவர்களிடமிருந்து நம்மவர் பாடல்களைப் பெற்றுக்கொண்ட அளவுக்கு இந்த வழக்கத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை.

கிறிஸ்தவரல்லாத ஒருவர் சரித்திரத்தை இங்கே சொல்லாமற் போவது பிழையாகும். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் காந்தியடிகள் முழு ஆடை களைந்து அரையாடை உடுத்தியது இம்மதுரையிலேதான். தமுக்கத்திலுள்ள இராணி மங்கம்மாள் மாளிகையில் 1959 முதல் அவர் நினைவுக் காட்சிசாலை இருக்கிறது. மாணாக்கர் பலர் அங்குச் சென்று இரத்தக்கறை படிந்த துணியைப் பார்க்கின்றனர். அவர் தமது சத்திய சோதனையில் எழுதிய மற்றொரு நிகழ்ச்சியை அறிந்தவர் குறைவு. போர்ட்ஸ்மத் நகரில் நடந்த சைவ உணவாளர் மாநாட்டிற்கு அவர் ஓர் இந்திய நண்பருடன் சென்றார். தங்கிய வீட்டு அம்மையார் நல்ல பெயர் எடுத்தவரல்லர். இரவில் சீட்டாட்டம், ஆட்டத்தோடு ஆபாசப் பரிகாசம். பேச்சு செயலாக மாறும் தறுவாயில், உடனிருந்த நண்பர், “உன்னில் இந்தப் பேய் எங்கிருந்து வந்தது, ஓடிப் போ” என்ற கருத்துப்பட எச்சரித்தார். காந்தியார் வெட்கி, நடுங்கி, தம் அறைக்கு ஓடினார். விரைவில் அந்நகரையும் விட்டகன்றார்.

இதில் இரண்டு குறிப்புகள் உள. தாயின் முன்னிலையில் செய்த சத்தியம் அவருக்கு இருந்தது. ஆயினும் அன்றிரவு அது உறங்கிக்கிடந்தது, நண்பன் சொல்லே அதனை எழுப்பிற்று. அன்றியும் அந்த நண்பரும் அப்பரிகாசத்தில் கைதேர்ந்தவரே. தாம் குற்றமற்றவராயிருந்தாலன்றிப் பிறரைத் தடுக்கக்கூடாது என்று அவர் வாளாவிருந்திருப்பின் என்னாகியிருக்கும்? நம் மாணாக்கர் பலர் இடித்துரைக்கத் தயங்குவது, “நான் மட்டும் யோக்கியனா” என்னும் இவ்வெண்ணத்தினாலேயே. அதே நூலில், காந்தியாரைச் சிறுவயதில் விலைமகளிர் இல்லத்திற்கு அழைத்துச் சென்ற பள்ளித் தோழன் கதையும் இருக்கிறது. அவனைத் திருத்தவென்றே நட்புக் கொண்டதாகவும், அது பெருந்தவறென்று பின்பு கண்டதாகவும் அவர் எழுதுகிறார். ஒரே மனிதர் வாழ்வில் யோனதாபும் வந்தான், காப்பாற்றியவனும் வந்தான்.

இனி நம் சொந்தக் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். மாணாக்கராயிருந்த நாளில் நாம் மூவர் சனிக்கிழமை மாலைதோறும் வைகை மணலில் உட்கார்ந்து இவ்வகைப் பேச்சை நடத்தத் தொடங்கினோம். சில வாரங்கள் நன்றாகவே நடந்தது. ஒருநாள் நம்மில் இளையவன், நீண்ட நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்து, பின்பு தன்னைப் பிடித்து வாட்டிய பழக்கத்தைச் சொன்னான். நாமும் ஜெபித்தோம், அவன் முகம் தெளிந்தது. மறுவாரம் வேறொரு நண்பனிடம், அவனுக்காகவும் ஜெபிக்க வேண்டுமென்னும் போர்வையில், நாம் அதைச் சொல்லிவிட்டோம். ஜெபக் குறிப்பென்று வந்த செய்தி இரண்டு நாளில் உணவுக்கூடத்தில் பட்டப்பெயராக மாறிற்று. அவன் நம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மணலுக்கு வருவதை நிறுத்தினான்; அறையை மாற்றிக்கொண்டான்; ஆண்டு முடிவில் ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய பழக்கம் அவனைக் கெடுத்ததைவிட நம் நாவு அவனை அதிகம் கெடுத்தது என்றே இன்றும் எண்ணுகிறோம். பக்தியின் சொற்களால் புறங்கூறுவதைப்போல் இழிந்தது வேறில்லை.

ஆதலின் இத்தகைய சிநேகத்தை நாடுவோர் முதலிற் கேட்க வேண்டியது, “இவன் பக்திமானா” என்பதன்று. “இவன் வாய் மூடியிருக்குமா” என்பதே. அவன் பிறரைக் குறித்து நம்மிடம் பேசும் விதத்தைக் கவனித்தால், நம்மைக் குறித்துப் பிறரிடம் பேசும் விதம் தெரிந்துவிடும். இந்த இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பிறர்க்கு, விசேஷமாகச் சிறுவர் சிறுமியர்க்கு, தீங்கு நேர்ந்ததாகவோ நேரப்போவதாகவோ அறிந்தால் அது நண்பரிருவர் அந்தரங்கமாக இராது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அறிந்தவர் அறிவித்தே தீரவேண்டும் என்கிறது. தாமாருக்கு நேர்ந்ததை அரண்மனைக்குள் மூடிவைத்ததால் தாவீதின் குடும்பம் பட்ட பாடு அடுத்த அதிகாரங்களில் காண்க. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை நண்பன் வெளியிட்டாலும் அங்ஙனமே பெரியோரையும் மருத்துவரையும் நாட வேண்டும்.

பேச்சின் அளவையும் அறிய வேண்டும். எதில் விழுந்தேன், எப்போது, எந்த மனநிலையில் என்பது போதும். கண்டவற்றை வருணிப்பது கேட்பவனுக்கும் சோதனையாகும். 1920-களில் ஐரோப்பிய, அமெரிக்கக் கலாசாலைகளில் பரவிய பிராங்க் புக்மனின் கூட்டத்தார் பலர் முன்னிலையில் இத்தகைய பாவங்களை விவரித்துப் பழிக்கப்பட்டது இதனாலே. அக்கூட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்து, 1935-இல் குடிப்பழக்கம் நீங்க விரும்புவோர் அமைத்த சங்கம், ஒரு மனிதனிடம் மட்டும் உண்மையை ஒப்புக்கொள்ளும்படி தன் ஐந்தாம் படியில் வைத்தது நல்ல திருத்தமெனலாம். ஜெர்மனியில் பின்கன்வால்டே என்னுமிடத்தில் 1935 முதல் 1937 வரை இரகசியப் போலீசார் மூடும்வரை வேதசாஸ்திரப் பள்ளி நடத்திய போன்ஹோபர், சகோதரனிடம் அறிக்கையிடும் வழக்கத்தை மாணாக்கரிடையே உண்டாக்கினார். தாமும் தம் மாணாக்கராகிய பெத்கேயிடம் அறிக்கையிட்டார். தான் அறிக்கையிடாதவன் பிறர் அறிக்கையைக் கேட்கலாகாது என்பது 1939-இல் அவர் வெளியிட்ட நூலின் கருத்துகளுள் ஒன்று. வெஸ்லியின் விதியோடு இது ஒத்திருப்பது காண்க.

விடுதிக் கண்காணிப்பாளரிடமே இவற்றைச் சொல்லலாகாதா எனின், அவரும் நல்லவரே, ஆயினும் அவர் கையில் வருகைப் பதிவேடு இருக்கிறது. 1910-இல் எடின்பரோ மாநாட்டில் நம் திருநெல்வேலி நாட்டவரான அசரியா, மிஷனெரிமார் தந்த தியாகத்தையெல்லாம் நன்றியோடு எடுத்துரைத்து, அவற்றுக்கு மேலாகச் சிநேகிதரைத் தரும்படி வேண்டினார். மேலிருந்து வரும் தயவு சிநேகமாகாது என்பதை அவரைவிட நன்றாக எடுத்துச் சொன்னவர் இலர்.

இன்னொரு நன்மையும் இப்பேச்சால் உண்டு. புகைவண்டி நிலையத்தருகேயும் பேருந்து நிலையத்தருகேயுமுள்ள விடுதிகளில் மாதமொருமுறை வந்திறங்கும் “வைத்தியர்”களின் விளம்பரங்களை மதுரையில் காணாதார் யார்? இளமைத் தவறுகளால் தாது நஷ்டமாகி வாழ்வே பாழாகும் என்று வாலிபரை நடுங்கவைத்துப் பணம் பறிப்பது அவர்கள் தொழில். அவர்கள் கூறும் உடற்கேடு மருத்துவ நூலில் இல்லை. அந்த அச்சமே ஒரு நோயாகி இந்திய வாலிபரை வாட்டுவதைக் கண்டு, 1960-இல் டாக்டர் விக் என்னும் மனநோய் வல்லுநர் அதற்குத் தாது என்ற சொல்லைக்கொண்டே பெயரிட்டார். நம் பழைய ஒழுக்கக் கட்டுரைகள் சிலவும் இவ்வச்சத்துக்கு எண்ணெய் வார்த்தன என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பரிசுத்தத்தைப் பொய்யால் காக்க முடியாது. இரண்டு நண்பர் கால்மணி நேரம் உண்மையாகப் பேசினால் அவ்வைத்தியருக்கு வருமானம் குறைந்துவிடும்.

இதுவரை வாலிபர் என்று எழுதினோமேயன்றிப் பெண்மக்களைக் குறித்து எழுதவில்லை. அவர்களுக்கும் இச்சோதனை உண்டென்று எழுதவே முன்னோர் கூசினர். 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் நிறுவிய லேடி டோக் கல்லூரி போன்ற இடங்களில் பெண்கள் தம்முள் இவ்வகைச் சிநேகத்தை எங்ஙனம் நடத்துவது என்பதை அவர்களே எழுத வேண்டும். நாம் எழுதினால் அது மேலிருந்து வரும் உபதேசமாகிவிடும். ஒன்றுமட்டும் சொல்லலாம்: ஆடவனுடைய வீழ்ச்சிக்குப் பெண்ணின் ஆடையைக் காரணமாகக் காட்டும் பேச்சு எந்தக் கூட்டத்தில் எழுந்தாலும், அங்கே கணக்குக் கேட்பது நின்று, கணக்கை வேறொருவர்மேல் எழுதுவது தொடங்கிவிட்டது என்று அறிக.

மணஞ்செய்யாது வாழ்வோரும் தனித்து வாழ வேண்டுவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1921-இல் வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காத்லாந்து தேசத்தாராகிய டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் வைத்தியத் தொண்டும் பிரமசரியமும் பூண்டு ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். ஒருவரை ஊரார் பெரியண்ணன் என்றும், மற்றவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். விரதத்தை ஒரு வீடாகக் கட்டிக்கொண்டமையால் அது அவர்களுக்கு நெடுங்காலம் நிலைத்தது.

கலாசாலை மாணாக்கர் மூவர் தொடங்குவதாயின், சனிக்கிழமை மாலை விளையாட்டு முடிந்து உணவு மணி அடிக்குமுன் அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். இரவு வேண்டாம், சோர்ந்த மனம் மிகையாகப் பேசும். மூத்தவன் தன் வாரத்தை முதலிற் சொல்லுக. கைபேசியை எந்நேரத்தில் எங்கே வைத்துவிட்டு உறங்கினாய் என்பதுபோல், ஆம் இல்லை என விடை சொல்லக்கூடிய கேள்வி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். “எப்படியிருக்கிறாய்” என்பதற்கு எவனும் “கர்த்தர் கிருபையால் நலம்” என்றே சொல்வான். விழுந்துவிட்டவனிடம் அன்று புத்திமதி கூறற்க. மறுநாள் காலை அவன் அறைக்குச் சென்று அவனுடன் தேநீர் குடித்து வருவது போதும். சோதனை வரும்போதே அழைத்துச் சொல்லும் வழக்கம் ஏற்பட ஓர் ஆண்டாவது ஆகும். அதுவரை வந்துபோனபின் சொல்வதைக் கேட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.

பட்டம் பெற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போகிறவர்க்கு முதல் ஆறு மாதங்கள் கொடியவை. அறை தனி, ஊர் புதிது, கையில் முதற்சம்பளம். மணலில் உட்கார்ந்த மூவரும் மூன்று ஊரிலிருப்பர். புறப்படுமுன்னே யார் யாரை எந்த நாளில் அழைத்துப் பேசுவது என்று நாளும் நேரமும் குறித்துக்கொண்டு ரயிலேறுவார்களாக.